புறப்பாடு: எல்லாரும் ஏறிய பின்

என் அக்கா பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டினாள். புறப்படும் நேரம் ஆறு பதினெட்டு என்றால் ஆறு பதினெட்டுக்குத்தான் கிளம்புவாள். பதினேழுக்கும் இல்லை, பத்தொன்பதுக்கும் இல்லை. தம்பி என்ற பாசத்தில் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், டெப்போவின் பதிவேடே அப்படித்தான் சொல்கிறது. அங்கே அவளுக்கு வைத்திருந்த பெயர் மணிக்கூண்டு. "மணிக்கூண்டு வண்டி எடுத்துடுச்சு, டீயை வச்சுட்டு ஓடுங்கடா" என்று மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் விரட்டுவார்களாம். அக்காவுக்கு அந்தப் பெயரில் வருத்தம் எதுவும் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதானபோது, பயணிகள் குறைவு என்று சொல்லி அவள் ஓட்டிய தடத்தையே நிறுத்தினார்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நான் இருப்பது வேறு தேசம். செய்தி கேட்டதும் கையைப் பிசைந்துகொண்டு போன் செய்தேன்.

"ரூட்டைத் தூக்கிட்டாங்கடா" என்றாள், பால்காரர் வரவில்லை என்பதைப் போல.

"இப்ப என்னக்கா பண்ணப்போறே?"

"அதே ரூட்டைத்தான் ஓட்டப்போறேன். என் சொந்த வண்டியில."

சொந்த வண்டியா என்று பதறிக் கேட்டேன். அவள் நிதானமாக விளக்கினாள். அவளுடைய பதினோராவது நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டயாலிசிஸ் மையம் இருக்கிறது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். காலையில் ஏழெட்டுப் பேர் அவள் பேருந்தில்தான் வந்து இறங்குவார்கள். திரும்பும்போது ஒருவர்கூட ஏறுவதில்லை.

"ஏன் தெரியுமா? நிக்க முடியாதுடா அவங்களால. மிஷின்ல இருந்து எழுந்தா காத்துப் போன டியூப் மாதிரி இருப்பாங்க. வாடகைக் கார் பிடிக்கணும், இல்லன்னா வீட்ல யாராவது லீவு போட்டு வரணும். வாரத்துக்கு மூணு நாள் யாருடா லீவு குடுப்பாங்க?"

மறுநாளே ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு மையத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாள். யார் எத்தனை மணிக்கு எதில் வருகிறார்கள், யாரோடு போகிறார்கள், வண்டிக்காக எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று வரி வரியாக எழுதினாள். அத்தான் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். எதையும் கொஞ்சம் தூக்கலாகத்தான் சொல்வார். "உங்க அக்கா ஆஸ்பத்திரி வாசல்ல குடியேறிட்டா மாப்ளே. வாட்ச்மேன் ரெண்டு தரம் விசாரிச்சுட்டான். மூணாவது தரம் அவனே டீ வாங்கிக் குடுத்துட்டான்."

நோட்டில் முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அதில் பதினான்கு பேரின் வீடு அவளுடைய பழைய தடத்தை ஒட்டியே இருந்தது. ஏழு பேர் காலை ஏழு மணிக்கு இயந்திரத்துக்குப் போகிறவர்கள், ஏழு பேர் பன்னிரண்டரைக்கு; எல்லாருக்கும் திங்கள், புதன், வெள்ளி. பதினான்கு வீட்டுக் கதவையும் தட்டிப் பேசினாள். பிறகு பெயின்ட் கடை முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் அதே நேரத்தில் அதே தெருக்களில் ஓட்டிப் பார்த்தாள். எந்த சிக்னலில் எத்தனை நொடி, எந்தப் பள்ளிக்கூட வாசலில் எட்டே காலுக்கு அடைத்துக்கொள்ளும், எந்தச் சந்தில் குப்பை லாரி நிற்கும், எல்லாம் நோட்டுக்குள் போயிற்று.

அதிலிருந்து பிறந்ததுதான் அவள் திட்டம். உண்மையில் அது ஒரு நேர அட்டவணை. காலை ஏழு பேரை ஏழு மணிக்கு மையத்தில் இறக்குவது. பதினொன்று நாற்பதுக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவது. ஒரு தெருவில் ஒருவர் இறங்க, அடுத்த தெருவில் மதியக் கூட்டத்தில் ஒருவர் ஏற, பன்னிரண்டரைக்கு மறுபடி மையம். மாலையில் அந்த ஏழு பேரையும் வீட்டில் விடுவது. மதிய நடையில் வேன் ஒரு கிலோமீட்டர்கூடக் காலியாக ஓடாது. அந்தத் தாளை அவள் படம் பிடித்து அனுப்பியபோது, பயத்தையும் மீறி எனக்குச் சிலிர்த்தது. படித்த படிப்புக்கு நானே இப்படி ஒன்றைப் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

வேனுக்கு அவள் பணம் பாதிதான் தேறியது. மீதிக்கு பாங்க். பாங்க் படிவம் எங்கள் இருவரில் எனக்கு மட்டும் சரளமான மொழியில் இருந்தது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அந்த மொழியில் நிரப்பினேன்.

"அடுத்த கேள்விக்கா. உன் போட்டியாளர்கள் யார்?"

"மருமகன்கள்."

"அக்கா, விளையாடாதே."

"யாருடா விளையாடுறா? எழுது. முதல் மாசம் மாமனாரைச் சிரிச்ச முகத்தோட கூட்டிட்டு வருவாங்க. ரெண்டாவது மாசம் கீழ நின்னு ஹாரன் அடிப்பாங்க. மூணாவது மாசம் என்கிட்ட வருவாங்க. அதையும் சேர்த்து எழுது."

எழுதினேன். ஆபத்துகள் என்ற பகுதிக்கு மட்டும் அவளைக் கேட்காமல் நானே பதினான்கு யோசித்து வைத்திருந்தேன். டயர் வெடிப்பு, வெள்ளம், எரிபொருள் விலை, அவளுக்குக் காய்ச்சல், மையம் இடம் மாறுவது என்று வரிசையாக. படித்துக் காட்டினேன். "இதெல்லாம் வீட்ல உட்கார்ந்திருந்தாலும் நடக்கும்டா" என்று சொல்லி இரண்டை மட்டும் விட்டுவைத்தாள். நடக்கப்போவது என் பதினான்கிலும் இல்லை, அவள் இரண்டிலும் இல்லை.

பாங்க் அதிகாரி மருமகன்கள் வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, இது நிஜமாகவா என்று கேட்டாராம். "சந்தேகமா இருந்தா காலைல ஏழு மணிக்கு வாங்க சார், டயாலிசிஸ் வாசல்ல நிக்கிறாங்க, காட்டுறேன்" என்றாளாம் அக்கா. கடன் கிடைத்தது. மையம் மூன்று மாதத்துக்குச் சோதனை ஒப்பந்தம் போட்டது. சரியாக நடந்தால் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு; இல்லையென்றால் அதோடு சரி. அந்த நீட்டிப்பு இல்லாமல் வேனின் தவணையைக் கட்ட முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அது தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் இரண்டு வாரம் பூப்போல ஓடியது. மூன்றாவது வாரம், புதன்கிழமை.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு வேனில் ஆறு பேர் ஏறிவிட்டார்கள். ஏழாமவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். எல்லாரும் கணக்கு சார் என்று கூப்பிடுவார்கள். அவர் இன்னும் வரவில்லை. உள்ளே இருக்கிறார் என்பது அக்காவுக்குத் தெரியும். மணி பதினொன்று நாற்பது ஆனது. கை தானாகக் கியருக்குப் போயிற்று. பன்னிரண்டரைக்குத் திரும்பி வரத்தானே போகிறோம், அப்போது கூட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் உள்ளே பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பிறகு மெல்ல நடந்து வெளியே வந்தார். வேன் இல்லை. காத்திருக்கும் அறை நாற்காலிகளில் மதியக் கூட்டத்தின் உறவினர்கள். வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். வெயில். கட்டு மறுபடி சிவக்கத் தொடங்கியதைத் தலைமை நர்ஸ் தற்செயலாகப் பார்த்து உள்ளே கூட்டிப் போனாள்.

பன்னிரண்டரைக்கு அக்கா சரியாக வந்து நின்றபோது, வாசலில் தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஆளை விட்டுட்டு எப்படிம்மா போனீங்க?"

"டைம் ஆயிடுச்சு சிஸ்டர்."

"பஸ்ஸுன்னா விட்டுட்டுப் போகலாம், பின்னாடியே இன்னொரு பஸ் வரும். உங்களுக்குப் பின்னாடி யாரும்மா வர்றாங்க?"

அன்று சாயங்காலத்துக்குள் மையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஒப்பந்தம் அன்றே ரத்து. நடக்காவிட்டாலும், நீட்டிப்பைப் பற்றி மூன்று மாத முடிவில் நிர்வாகி நேரில் விசாரித்துத்தான் முடிவு செய்வார்.

போனில் அக்கா சண்டைக்கு நின்றாள். "மத்த ஆறு பேரை மூடின வண்டியில வேக வைக்கச் சொல்றியா? மதியம் ஏழு பேரோட மிஷின் காத்துக்கிட்டு இருக்கு. நான் பத்து நிமிஷம் லேட்டானா அந்த ஏழும் லேட்டு. ஒருத்தருக்காகப் பதிமூணு பேர்!"

"இது வேண்டாம்க்கா. வேனை வித்துடலாம். நான் கொஞ்சம் அனுப்புறேன்."

"போனை வைடா."

நான் வைக்குமுன் அவளே வைத்தாள்.

அதன்பின் நடந்ததை அத்தான் சொல்லித்தான் தெரியும். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு கணக்கு சார் வீட்டுக்குக் கிளம்பினாளாம். துணைக்கு அத்தானும். சார் சாய்வு நாற்காலியில், கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு இருந்தார்.

"உட்காரும்மா. நீ பதினொன்னு நாப்பதுக்குக் கிளம்பினே. நான் எத்தனை மணிக்கு வெளிய வந்தேன் தெரியுமா?"

தெரியாது என்று அக்கா தலையை ஆட்டினாள்.

"பதினொன்னு நாப்பத்தி மூணு."

அக்கா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். மூன்று நிமிடம்.

"உன்னைத் திட்டலாம்னுதான் இருந்தேன்" என்றார் சார். "ஆனா உன் வண்டி நேரத்துக்கு வருதுன்னுதான் என் மருமகனை வேண்டாம்னுட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திட்டுறது?"

"தப்பு என்னோடதுதான் சார்" என்றாள் அக்கா. பத்தொன்பது வருடத்தில் டெப்போவில் ஒருவரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத வாக்கியம் அது. அத்தான் அதை என்னிடம் சொல்லும்போது கிண்டல் செய்யவில்லை.

அடுத்த வேலை நாளே அவள் அந்த நீள நோட்டோடு தலைமை நர்ஸ் முன் போய் நின்றாள். காலை ஏழிலிருந்து பதினொன்றரை வரை வேன் சும்மாதான் நிற்கிறது, உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள் என்றாள். "எதையும் தொடக் கூடாது, யார்கூடவும் பேசக் கூடாது" என்று சொல்லி, ஒரு முகக்கவசத்தையும் பிளாஸ்டிக் ஸ்டூலையும் கொடுத்தாள் நர்ஸ்.

எட்டு நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரை எத்தனை மணிக்கு இயந்திரத்தில் இணைக்கிறார்கள், எப்போது விடுவிக்கிறார்கள், ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க எவ்வளவு நேரம், எழுந்து நிற்க எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டே வந்தாள். ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தையல்கார அம்மாவுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். கணக்கு சாருக்கு இருபதுக்குக் குறைவதில்லை. இரண்டு பேருக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் தலை சுற்றும்; நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் அன்று உடம்பிலிருந்து அதிகம் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

எட்டாம் நாள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அங்கேயே சத்தமாக "அட!" என்றாளாம். படுத்திருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கண்டது இதுதான். கணக்கு சாரின் வீடுதான் கடைக்கோடி. அதனால் காலையில் அவர்தான் முதலில் ஏறுவார். முதலில் ஏறுகிறவர் பின் சீட்டுக்குப் போவார். பின் சீட்டில் இருப்பவர் கடைசியாக இறங்குவார், மெல்ல நடப்பார், கடைசியாக உள்ளே போவார். நர்ஸ்கள் இரண்டே பேர். வருகிற வரிசையில்தான் இணைப்பார்கள். முதல் ஆளுக்கு ஏழு மணிக்கு என்றால் ஏழாவது ஆளுக்கு ஏழே கால். ஆக, ரத்தம் நிற்க அதிக நேரம் பிடிக்கிற மனிதர்தான் தினமும் கடைசியாக இணைக்கப்பட்டு, கடைசியாக விடுவிக்கப்படுகிறார். அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தது அக்காவின் அட்டவணை.

"சீட்டை மாத்தினா போதும்டா!" என்று போனில் கத்தினாள். இரண்டு வாரத்துக்கும் மேலாக என்னோடு பேசாமல் இருந்தவள் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மெதுவா எழுந்திருக்கிறவங்க எல்லாம் கதவுப் பக்கம். தெம்பா இருக்கிறவங்க பின்னாடி. இறங்குற வரிசையிலயே மிஷின்ல போட்டா, முடியிறப்ப எல்லாரும் கிட்டத்தட்ட ஒண்ணா வெளிய வருவாங்க!"

"நர்ஸ் ஒத்துக்குவாங்களாக்கா?"

"அதான் இப்ப போறேன்."

நர்ஸ் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "டிரைவர் சொல்ற வரிசையில நான் ஊசி போடணுமா? நல்லா இருக்கே!"

அக்கா வாதாடவில்லை. எட்டு நாள் கணக்கை மேசை மேல் விரித்து வைத்தாள். நர்ஸ் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள், பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தாள். பத்து வருடமாக அந்த அறையில் வேலை செய்கிறவள் அவள்; ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்ததுதான், இப்படி ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்ததில்லை. "ரெண்டு வாரம்" என்றாள். "யாருக்காவது உடம்பு சரியில்லன்னா என் வரிசைதான்."

"உங்க வரிசைதான் சிஸ்டர்."

அந்த இரண்டு வாரத்தின் ஆறு நடைகளில் நான்கு நாள் கடைசி ஆள் பதினொன்று முப்பத்தைந்துக்குள் வேனில் இருந்தார். இரண்டு நாள் நேரம் தாண்டியது. அந்த இரண்டு நாளும் அக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மதியக் கூட்டத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, நின்றாள். ஒரு நாள் பதினான்கு நிமிடம். "கால் ரெண்டும் பெடல் மேல துடிச்சுக்கிட்டே இருந்துச்சுடா" என்று என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது திட்டத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். மறுபடி போன், மறுபடி மொழிபெயர்ப்பு. முதல் பக்கத்துக்குத் தலைப்பு சொன்னாள்: 'முதல் திட்டத்தில் நான் செய்த தவறு'.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, இதை எழுதாதே. நிர்வாகிக்கு மறந்துகூடப் போயிருக்கும். பாங்க்லயும் இதைக் கேட்பாங்க. எழுத்துல குடுத்தா நாளைக்கு நம்ம தலையிலயே வந்து விடியும்."

"வாசப்படியில உட்கார்ந்திருந்தவருக்கு மறக்குமாடா?"

எழுதினேன். நடந்தது நடந்தபடி, மூன்று நிமிடத்தையும் சேர்த்து. அதற்கு அடுத்த பக்கத்தில் சீட்டு வரிசை, இணைக்கும் வரிசை, எட்டு நாள் கணக்கு. கடைசியில் நேர அட்டவணை. அதில் திரும்பும் நடைக்குப் 'புறப்பாடு' என்ற கட்டத்தில் முன்பு 11.40 என்று இருந்த இடத்தில், இப்போது 'எல்லாரும் ஏறிய பின்' என்று போடச் சொன்னாள். தட்டச்சு செய்துவிட்டு அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்கா எழுதச் சொன்னதுதானா என்று இருந்தது.

சராசரிகளைச் சரிபார்க்கக் கணக்கு சாரிடமே கொடுத்தாள். இரண்டு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் பத்துக்கு எட்டு என்று மதிப்பெண்ணும் போட்டுத் திருப்பித் தந்தார்.

விசாரணை அன்று அவர் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார். நிர்வாகி முன்பு அனுப்பிய அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் ஆரம்பிக்குமுன் அக்கா தன் தாள்களை அதன் மேல் வைத்தாள். "நீங்க கேட்கப்போறது முதல் பக்கத்துல இருக்கு சார்."

நிர்வாகி படித்தார். அவசரமே இல்லாமல் படித்தார். பிறகு கணக்கு சாரைப் பார்த்தார். "உங்களைத்தானே விட்டுட்டுப் போனாங்க? இன்னும் இவங்க வண்டியிலதான் வர்றீங்களா?"

"கதவுப் பக்கத்து சீட்டு இப்ப எனக்கு. அதை எவனுக்காவது விட்டுக் குடுப்பேனா?"

நிர்வாகி தலைமை நர்ஸைக் கேட்டார், மதிய நேரத்துக்கு இயந்திரங்கள் இப்போது தாமதமாகிறதா என்று. "முன்னைவிட சீக்கிரம் காலியாகுது சார்" என்றாள் அவள். அக்காவின் பக்கம் திரும்பாமலேதான் சொன்னாள். பிறகு, கேட்காமலே, "அந்த வரிசை இவங்க போட்டதுதான்" என்றும் சொன்னாள்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்தாயிற்று. ஊரின் மறுகோடியில் அவர்களுக்கு இன்னொரு மையம் உண்டு. அங்கும் இதேபோல் ஒரு திட்டம் போட்டுக் கொடுக்க முடியுமா என்று நிர்வாகி கேட்டார். முதலில் எட்டு நாள் ஒரு ஸ்டூல் வேண்டும் என்றாள் அக்கா.

இரண்டாவது வேன் வாங்கப் போனபோது நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். தவணை, வட்டி, ஓட்டுநர் சம்பளம் என்று வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வந்தேன்; அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் விற்பனைக்காரர் நேராக அத்தானிடம் போய் இன்ஜின், மைலேஜ், உத்தரவாதம் என்று பொரிந்து தள்ளினார். அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட ஏன் சார் இவ்வளவு சொல்றீங்க? வண்டியோட நிறத்தைப் பத்திப் பேசணும்னா நான் ரெடி. ஓனர் அங்க இருக்காங்க" என்று கையைக் காட்டினார்.

ஓனர் தரையில் இருந்தாள். கதவின் கீழே ஒரு முழங்காலை ஊன்றி, அளவு டேப்பைத் தரையிலிருந்து படி வரைக்கும் பிடித்திருந்தாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"படி ரொம்ப உயரம் சார். கால் வீங்கினவங்க ஏறணும். கீழ இன்னொரு படி வச்சுத் தருவீங்களா?"

"வச்சுடலாம் மேடம்."

"கதவு ஓரமா பிடிச்சுக்க ஒரு கம்பி? இடது கையில ஊசி போட்டவங்களுக்கு வலது பக்கம், வலது கையில போட்டவங்களுக்கு இடது பக்கம். அப்ப ரெண்டு பக்கமும்."

விற்பனைக்காரர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை அத்தானைப் பார்த்தார், பிறகு அவளையே பார்த்தார். "ரெண்டு பக்கமும் வச்சுடலாம் மேடம்."

"நல்லது" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதிக் குடுங்க."